பதினாலாம் நம்பருக்கு, மூணாம் நம்பர் எழுதுவது

அன்புள்ள பதினாலுக்கு,

உன் பேரை எழுதினால் தங்கச்சிமடத்தில் பாதிப் பேருக்கு இன்னார் என்று தெரிந்துவிடும். எழுதாவிட்டால் மீதிப் பேர் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் நாம் ரக்பி ஆடிய ஜெர்சி நம்பரோடு நிறுத்திக்கொள்கிறேன். உன் வீட்டுக்காரரும் படிப்பார் என்று நினைக்கிறேன். அண்ணா, வணக்கம். பயப்படும்படி ஒன்றும் எழுதவில்லை.

செப்டம்பர் 27 ராத்திரி நீ வைத்த ஸ்டேட்டஸைப் பார்த்தேன். ஒரு வார்த்தை இல்லை, இங்கிலாந்தின் எல்லி கில்டன் பந்தோடு ஓடுகிற படம் மட்டும். 2025 பெண்கள் ரக்பி உலகக்கோப்பை ஃபைனல் நம் நேரத்துக்கு எட்டரைக்கு ஆரம்பித்தது. கனடாவின் விங் ஆசியா ஹோகன்-ரோச்செஸ்டர் முதல் ட்ரையை வைத்தாள். அண்ணாவுக்காகச் சொல்கிறேன், எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் ட்ரை, உன்னை மாதிரி மைதானத்து ஓரத்தில் ஓடுகிறவள் விங். கொஞ்ச நேரத்திலேயே கில்டன் ஆளாளுக்குத் தண்ணி காட்டிவிட்டு ஓடிப்போய் ஒன்று வைத்தாள். உன் படம் அடுத்த நிமிஷமே வந்துவிட்டது. அப்படியென்றால் நீயும் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். 'ரக்பியா, அதெல்லாம் மறந்தே போச்சு' என்று என் தங்கச்சியிடம் சொன்னவள் நீதானே? நானும் அதை நம்பித்தான் இத்தனை நாள் சும்மா இருந்தேன்.

நான் பாட்டர்மேனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தின் ஒன்றாம் நம்பர் ஜெர்சி, என்னை மாதிரி முன்வரிசைக்காரி. கில்டன் ஓடும்போது கேமரா அவள் பின்னாலேயே போய்விடுகிறது. இரண்டு அணியும் குனிந்து தோளோடு தோள் முட்டித் தள்ளுகிற ஸ்க்ரம்மில் தலையைக் கொடுத்துவிட்டு அப்போதுதான் எழுந்து வருகிறவளை யாரும் காட்டுவதில்லை. சரி, உனக்குத் தெரியாததா? இங்கிலாந்து 33, கனடா 13. ட்விக்கன்ஹாம் மைதானத்தில் 81,885 பேர். பெண்கள் ரக்பிக்கு அவ்வளவு கூட்டம் அதற்கு முன் எங்கேயும் வந்ததில்லையாம். நம் மேட்சுக்கு வந்த கூட்டத்தை நினைத்துச் சிரித்தேன். பாதி பேர் தண்ணி லாரி என்று நினைத்துக் குடத்தோடு வந்தவர்கள்.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்தப் படம் மட்டும் இல்லை. பெண் பிள்ளைகள் அணியைத் தேர்ந்தெடுக்கும் மேஜையில் வந்து உட்காரச் சொல்லிப் போன வருஷமே கேட்டார்கள். மாட்டேன் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். இந்த மாதம் சரி என்று சொல்லிவிட்டேன். எந்த வயது, எந்தப் போட்டி என்றெல்லாம் இங்கே எழுத முடியாது. பிள்ளைகளின் அம்மாமார் படிப்பார்கள். ஏற்கெனவே ஒருத்தர் மீன் வாங்க நிற்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு 'எம் பொண்ணை மட்டும் பாத்துக்கத்தா' என்றார். அவர் பெண் நன்றாகத்தான் ஆடுகிறாள். அதனாலேயே அவரிடம் ஒன்றும் பேசாமல் வந்துவிட்டேன்.

மேஜையில் உட்கார்ந்த பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. ஊரில் நல்லா ஆடுகிற இருபத்து மூன்று பேரை எடுத்துப் போட்டால் அணி ஆகிவிடாது. இருபத்து மூன்றில் ஆறு பேர் ஸ்க்ரம் முன்வரிசைக்காரிகளாக இருக்க வேண்டும். இடம், நடு, வலம் என்று மூன்று இடத்துக்கும் ஆளுக்கொரு மாற்று. பழக்கம் இல்லாதவளை அங்கே நிறுத்தினால் கழுத்து போய்விடும், அதனால் இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். முன்வரிசைக்கு ஆள் இல்லையென்றால் இரண்டு பக்கமும் தள்ளாமல் சும்மா பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். விங்குக்கு வா. ஆடுகிறவர்கள் இரண்டே பேர். பெஞ்சில் மாற்றாக இருக்கும் எட்டில், ஸ்க்ரம்முக்குப் பின்னால் நிற்கிற பேக்ஸுக்குப் பெரும்பாலும் மூன்று நாற்காலி. அதில் ஒன்றை, ஸ்க்ரம்மிலிருந்து பந்தை எடுத்துக் கொடுக்கிற ஒன்பதாம் நம்பருக்கு மாற்றாக வருகிறவள் எடுத்துக்கொள்வாள். மீதி இரண்டும் இரண்டு மூன்று இடத்தில் நிற்கத் தெரிந்தவளுக்குத்தான் போகும்.

அன்றைக்கு நம் மாநில அணி டிரையல்ஸுக்கு வந்தவர்களை நினைத்துப் பார். விங் வேண்டும் என்று நின்றவர்கள் எத்தனை பேர், முன்வரிசை வேண்டும் என்று நின்றவர்கள் எத்தனை பேர்? முன்வரிசைக்கு நாங்கள் நாலு பேர்தான் நின்றோம். அதில் ஒருத்திக்குக் காதில் டேப் சுற்றக்கூடத் தெரியவில்லை. அம்மா கடல்பாசி எடுக்கப் போகும்போது விரலில் துணி சுற்றுவாள் இல்லையா, அந்த மாதிரி நான்தான் அவளுக்குச் சுற்றிவிட்டேன். யாரும் கேட்காத இடத்துக்கு நான் நின்றேன். எல்லாரும் கேட்ட இடத்துக்கு நீ நின்றாய். நடந்தது இவ்வளவுதான்.

இவ்வளவுதான் என்று எழுதிவிட்டேன். ஆனால் உன் கோபம் பட்டியலைப் பற்றியது இல்லை, எனக்குத் தெரியும்.

டிரையல்ஸ் முடிந்து ஊர் திரும்பினோமே, அந்த ரயில் மண்டபத்தைத் தாண்டிப் பழைய பாம்பன் பாலத்தில் ஏறி, எப்போதும்போல ஊர்ந்துகொண்டிருந்தது. எதிர் சீட்டில் வடக்கிருந்து வந்த ஒரு குடும்பம். அந்தப் பாட்டி கும்பிட்டுக்கொண்டே ஜன்னல் வழியாகச் சில்லறை போட்டார். ஒரு ரூபாய் கம்பியில் பட்டுத் திரும்பி உன் மடியில் விழுந்தது. நீ அதை எடுத்து மறுபடி கடலில் எறிந்தாய். அப்போதுதான் உன் போன் சத்தம் போட்டது. என் போன் பரமக்குடியிலேயே செத்துவிட்டது.

அணிப் பட்டியல், இரண்டு பக்கப் பிடிஎஃப். எல்லா ஊரிலும் அப்படித்தான் போடுகிறார்கள், முன்வரிசையிலிருந்து தொடங்கி ஸ்க்ரம்மில் தள்ளுகிற ஃபார்வர்டுகள் முதலில், பேக்ஸ் அப்புறம். நீதான் திறந்தாய். நீதான் முதலில் பார்த்தாய். 'ஏ புள்ள, ஒம்பேரு, ரெண்டாவதே ஒம்பேரு' என்று நீ கத்திய கத்தில் அந்தப் பாட்டி பயந்துபோய்ப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். என்னைக் கட்டிக்கொண்டாய். உன் தலையில் அந்த ஹாஸ்டல் சோப்பு வாசம். நான் உன் கையிலிருந்து போனைப் பிடுங்கி அம்மாவுக்கு அடித்தேன்.

அடுத்த பக்கத்தை நீ இன்னும் பார்க்கவில்லை.

பாலம் முழுக்கப் பேசினேன். சிக்னல் போகும், மறுபடி அடிப்பேன். அம்மா அழுதாள், பக்கத்து வீட்டு அத்தையைக் கூப்பிட்டுப் போனைக் கொடுத்தாள், அத்தையும் அழுதார். நீ ஜன்னலோரம் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு தடவை கை நீட்டினாய். ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டினேன். அந்த விரலை நீ மறக்கவில்லை என்று உன் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பாம்பன் ஸ்டேஷனில் ரயில் நின்றபோது போனைத் தந்தேன். நீ கீழே தள்ளினாய், மறுபடி மேலே போனாய், மறுபடி கீழே வந்தாய். அப்புறம் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாய்.

சரி, நான் என்ன செய்திருக்க வேண்டும், சொல். எங்கள் அம்மா கழுத்தளவு தண்ணீரில் நின்று, பெப்சி கம்பெனி கொண்டுவந்த பாசியை வளர்க்கிற தெப்பத்தை இழுத்தவள். நானும் கூட நின்று இழுத்தேன். எனக்கு இந்தத் தோளும் தொடையும் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறாய்? பள்ளிக்கூடத்தில் இந்த உடம்பை வைத்து என்னைக் கூப்பிடாத பேர் இல்லை. அதே உடம்பு வேண்டும் என்று ஒரு காகிதத்தில் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். அதை அம்மாவிடம் சொல்லக் கூடாதா? உன் பேர் இருக்கும் என்று நான் நினைத்தேன். சத்தியமாக. உன்னை விட்டுவிட்டு ஓர் அணி போட முடியும் என்றே எனக்குத் தோன்றவில்லை. பார்க்காமலேயே நம்பினேன், அதனால்தான் பார்க்க விடவில்லை. இது உனக்குச் சமாளிப்பாகத் தெரியும். தெரியட்டும்.

ஆனால் நீயும் ஒன்று கேட்டுக்கொள். கோச் உன்னை, எல்லாருக்கும் பின்னால் நின்று உயரப் பந்தைப் பிடிக்கிற பதினைந்தாம் நம்பரிலும் நின்று பழகச் சொன்னார். நீ பழகினாயா? உயரமாகப் பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வாய். உதைக்கச் சொன்னால் 'எனக்கு ஓட்டம்தான்' என்பாய். எங்கேயும் நிற்கத் தெரிந்த மதுரைக்காரி ஒருத்தி வந்தாள், உன் நாற்காலி போய்விட்டது. அவள் உன்னைவிட வேகம் இல்லை. உன்னைவிட வேகமான ஆளை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அதற்காக மேஜையில் இருப்பவர்கள் எல்லாம் கண் தெரியாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இப்போது நானே அதில் ஒருத்தி.

என் மாமா யாரிடமோ பேசித்தான் எனக்கு இடம் கிடைத்தது என்று ஊரில் நாக்கில் நரம்பில்லாமல் பேசினார்கள். அது யார் கிளப்பியது என்று எனக்குத் தெரியும், இங்கே எழுத மாட்டேன். நீ கிளப்பவில்லை. ஆனால் உன் முன்னால் பேசியபோது நீ வாயே திறக்கவில்லை. மாமாவுக்கு ரக்பிக்கும் கபடிக்கும் வித்தியாசம் தெரியாது என்பது உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்? நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

2019 ஜூனில் மணிலாவில் நம் பெண்கள் சிங்கப்பூரை 21-19 என்று ஜெயித்த அன்று எனக்குப் போன் பண்ணியவள் நீதான். பதினைந்து பேர் ஆட்டத்தில் இந்தியாவுக்கு அதுதான் முதல் வெற்றி. ஒடிசாவின் சுமித்ரா நாயக் கடைசியில் அடித்த பெனால்டியை நீ விவரித்த விதத்தில் நான் மேட்சையே பார்த்த மாதிரி இருந்தது. 'அடுத்த லிஸ்ட்ல நாம ரெண்டு பேரும்டி' என்றாய். நான் எங்கே போனேன்? மாநிலத்தோடு சரி. அதற்கு மேல் ஒரு கேம்ப், அங்கே முழங்கால், அப்புறம் வேலை. உன்னை விட்டுவிட்டு நான் எங்கேயோ பறந்துபோய்விட்டதாக நினைத்தால், இதோ, ராமநாதபுரம் பஸ்ஸில்தான் தினமும் தொங்கிக்கொண்டு போகிறேன்.

இந்த உலகக்கோப்பைக்கு 16 அணி, அணிக்கு 32 பேர், மொத்தம் 512 பேர். ஆசியாவிலிருந்து ஜப்பான் மட்டும். ஒவ்வொரு நாட்டுப் பட்டியலும் வந்தபோது நான் முன்வரிசையைப் படித்தேன், நீ விங்கைப் படித்திருப்பாய். நியூசிலாந்தின் பிராக்ஸ்டன் சோரன்சன்-மெகீயைப் பார்த்தாய்தானே? பதினெட்டு வயது. போட்டியிலேயே அதிக ட்ரை அவள்தான், 11. இங்கிலாந்து பட்டியலில் எமிலி ஸ்கேரட், 35 வயது, ஐந்தாவது உலகக்கோப்பை. நல்ல வேலை செய்தார்கள் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் அவருக்காக விடுபட்ட முப்பத்து மூன்றாவது ஆள் அன்றைக்கு யார் கூடப் பயணம் பண்ணிக்கொண்டிருந்தாளோ.

கனடாக்காரிகள் இந்தக் கோப்பைக்காக 10 லட்சம் டாலர் நன்கொடை திரட்ட இறங்கினார்கள். நம் டிக்கெட்டுக்கு உன் அப்பா மீன் ஏலம் விடுகிற இடத்தில் துண்டை விரித்தது நினைவுக்கு வந்தது. சமோவா அணியில் வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆடுகிறவர்கள்தான் அதிகம். இங்கிலாந்திடம் 92-3 என்று தோற்றார்கள். அந்த மூன்று புள்ளிக்கு ஹார்மனி வட்டாவ் பெனால்டி அடித்ததும் கோப்பையையே வாங்கிய மாதிரி குதித்தார்கள். அதைப் பார்த்து நீ அழுதிருப்பாய். நான் அழவில்லை, என் தங்கச்சி சொன்னால் நம்பாதே.

நம் பிள்ளைகள் பட்டியலை நான் பேர் வரிசையில் போடச் சொன்னேன், ஒரே பக்கத்தில். எதற்கு என்று ஒருத்தர் கேட்டார். சும்மா என்றேன். பட்டியல் குரூப்பில் போகும் முன்னால் விடுபட்டவர்களுக்கு நானே போன் பண்ணினேன். ஒருத்தி ஏன் என்று கேட்டாள், காரணம் சொன்னேன். ஒருத்தி அழுதாள். ஒரு விங் பிள்ளை மட்டும் 'சரிக்கா' என்று சொல்லிப் பட்டென்று வைத்துவிட்டாள். உன்னை மாதிரியே ஓடுகிறாள், உயரப் பந்துக்கு உன்னை மாதிரியே கண்ணை மூடுகிறாள். அவளை எப்படிச் சரி பண்ணுவது என்று எனக்குத் தெரியாது. நான் ஸ்க்ரம்மில் குனிந்தே காலத்தை ஓட்டியவள். விங்கில் நிற்கிறவளுக்கு என்ன தெரியும், எங்கே பயம் வரும் என்பதெல்லாம் உனக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, நாம் ஆடிய அதே கிரவுண்டில் இருப்போம். முள்ளை வெட்டிச் சுத்தம் பண்ணியிருக்கிறோம், செருப்போடு வந்தால் போதும். நீ வந்தால் நான் அந்தப் பக்கம் முன்வரிசைப் பிள்ளைகளோடு இருந்துகொள்கிறேன், பேச வேண்டாம் என்றால் பேச வேண்டாம். உன் மகளைத் தூக்கிக்கொண்டு வா, அம்மா பார்த்துக்கொள்வாள்.

வர முடியாது என்றால் அந்த கில்பர்ட் பந்தையாவது கொடுத்தனுப்பு. அது உன் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது, அதுவும் உன் அக்கா சொன்னதுதான். அது நம் ரெண்டு பேர் காசில் வாங்கியது, இத்தனை வருஷம் நீயே வைத்திருக்கிறாய், நான் கேட்டதே இல்லை. இங்கே இத்தனை பிள்ளைகளுக்கு ஒரே பந்து, அதுவும் தையல் விட்டுப்போனது. காற்று இறங்கியிருந்தால் பரவாயில்லை. ஊசி என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
மூணு