உன் அக்கா மகன் ஓட்டும் லாரி

ஈசூன், சிங்கப்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகருக்கு,

நீ வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதைக் கேட்டு மூன்று வாரமாகிறது. உடனே போன் போட்டிருக்கலாம். ஆனால் நீ கடைசியில் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாயே, “லாரிக்கெல்லாம் பாஸ் போடுற ஆளே நீதானடா, அப்புறம் கார்த்தியைப் பத்தி எனக்கென்ன கவலை” என்று, அதற்குப் போனில் பதில் சொல்ல முடியும் என்று தோன்றவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் நல்ல செய்தி. உன் அக்கா மகன் கார்த்தி நன்றாக இருக்கிறான். இன்று மதியம் வந்திருந்தான். உன் தங்கச்சி மீன் குழம்பு வைத்தாள், இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான். கொஞ்சம் இளைத்திருக்கிறான், ஆனால் முகம் தெளிவாக இருக்கிறது. லைசென்ஸ் வந்த பிறகு கம்பெனியில் 14 அடி லாரியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். காலையில் விடுதியிலிருந்து ஆட்களைத் துவாஸ் சைட்டுக்கு ஏற்றிப் போகிறான். பகலில் அவனும் சைட்டில் கம்பி கட்டுகிறான். சாயங்காலம் மறுபடி எல்லோரையும் ஏற்றி விடுதியில் விடுகிறான். ஓட்டுவதற்குத் தனியாகக் கொஞ்சம் காசு கொடுக்கிறார்கள் என்று சந்தோஷமாகச் சொன்னான். எனக்கு அந்தச் சந்தோஷம் முழுசாக வரவில்லை. பகலெல்லாம் வெயிலில் கம்பி கட்டிவிட்டு, பின்னால் பத்துப் பதினைந்து பேரை வைத்துக்கொண்டு விரைவுச்சாலையில் ஓட்டுவது சாதாரண வேலை இல்லை.

சரி, நீ சொன்னதற்கு வருகிறேன்.

இங்கே பத்து வயதுக்கு உட்பட்ட லாரி ஆண்டுக்கு ஒருமுறை சோதனைக்கு வர வேண்டும். பத்தைத் தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. நிலப் போக்குவரத்து ஆணையம் அனுமதித்த மையங்கள் இருக்கின்றன, அதில் ஒன்றில்தான் நான் சோதனை லேனில் நிற்கிறேன் என்பது உனக்குத் தெரியும். ஒரு லாரி உள்ளே வந்தால் விளக்கு, ஹாரன், டயர் பார்க்கிறோம். புகை அளக்கிறோம். ரோலரில் ஏற்றி ஒவ்வொரு சக்கரத்துக்கும் பிரேக் எவ்வளவு பிடிக்கிறது, இடமும் வலமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறோம். அப்புறம் பள்ளத்தில் இறங்கி அடியில் டார்ச் அடித்து ஸ்பிரிங் பட்டை, அதைப் பிடித்திருக்கும் யு போல்ட், சக்கரத்தைத் திருப்பும் டை ராடு, பிரேக் குழாய், ஆயில் கசிவு எல்லாம் பார்க்கிறோம். எல்லாம் சேர்ந்து அரைமணி நேரம்கூட ஆகாது. வருஷத்தில் மீதி நாளெல்லாம் அந்த லாரி எப்படி ஓடுகிறது என்று என் கண்ணுக்குத் தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது. என்னிடம் வரும் லாரி பெரும்பாலும் காலியாக வரும், சூடு இல்லாத பிரேக் டிரம்மோடு வரும். கார்த்தி ஓட்டும்போது ஆட்கள் இருப்பார்கள், சாமான் இருக்கும், மழை பெய்யும், முன்னால் போகிறவன் திடீரென்று நிற்பான். ரோலரில் நான் பார்த்த எண் பொய் இல்லை. ஆனால் அது அந்த ஒரு காலை நேரத்தின் எண்.

போன வருஷம் நடந்த ஒன்றை இதுவரை உன்னிடம் சொல்லவில்லை. ஒரு கம்பெனி லாரி காலையில் வந்தது. பின்சக்கரம் இடப்பக்கம் வெளி டயரில், பக்கச் சுவரில் ‘ட’ எழுத்து மாதிரி ஒரு கீறல். ஆழமில்லை, வெறும் தோல் கிழிசல்தான். டயர் தேதி 4122, அதாவது 2022ஆம் ஆண்டின் 41ஆவது வாரத்தில் செய்தது. டிரெட், அதாவது டயர் மேல் உள்ள பள்ளத்தின் ஆழம், நிறைய இருந்தது. இங்கே சட்டம் கேட்பது 1.6 மில்லிமீட்டர், அதற்கு மேல் எவ்வளவோ இருந்தது. பாஸ். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதே கம்பெனியின் வேறொரு லாரி வந்தது. குனிந்து பார்த்தால் அதே ‘ட’. அதே 4122. காலையில் பார்த்த அதே டயரைக் கழற்றி இதில் மாட்டியிருக்கிறார்கள். நட்டுகளில் புதிதாக ஸ்பானர் போட்ட பளபளப்பு, அதன் மேல் ஈரம்கூடக் காயவில்லை.

ஓட்டி வந்த பையனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். மெதுவாகக் கேட்டேன். “அண்ணே, நாளைக்குக் காலைல பழசு திரும்ப வந்துரும்” என்றான். அவ்வளவுதான் சொன்னான். அதற்கு மேல் நானும் அவனைக் கேட்கவில்லை, மாட்டிக்கொள்ளப்போவது அவன்தானே.

என் முன்னால் நின்ற லாரியில் குறை எதுவும் இல்லை. மேற்பார்வையாளரிடம் இரண்டு லாரியின் எண்ணையும், டயர் எண்ணையும், நேரத்தையும் எழுதிக் கொடுத்தேன். அவர் மேலே அனுப்பினார். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை சேகர். பழைய டயர் மாட்டிய அந்த லாரியின் பின்னால் மறுநாள் எத்தனை பேர் உட்கார்ந்து போனார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு என் மையத்தின் பாஸ் அல்லவா இருக்கிறது?

அதற்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். லாரி லேனுக்குள் வந்ததும் ஓட்டுநரிடம் ஒரு கேள்வி கேட்பேன்: “வண்டி எந்தப் பக்கம் இழுக்குது?” நல்லா இருக்கா என்று கேட்டால் எல்லோரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். எந்தப் பக்கம் என்று கேட்டால் யோசிக்காமல் “மழையில கொஞ்சம் லெஃப்ட்ல” என்று வாயில் வந்துவிடும். அதைப் பிடித்துக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கினால் பல நேரம் வீல் சிலிண்டர் கசிவோ, ஆயில் பட்ட பிரேக் லைனிங்கோ கிடைத்துவிடும். அந்த வண்டியோடு தினமும் இருப்பவனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. சொல்லத்தான் பயம்.

கார்த்திக்கும் அதே பயம்தான், அதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன். போன மாதம் முதல்முறை வந்தபோது அவன் லாரியை போட்டோ எடுத்துக் காட்டினான், பெருமையாக. புதுக் கூரை, பக்கத்தில் உயரமான தடுப்பு, மழைத்திரை எல்லாம் இருக்கிறது. கூரையும் தடுப்பும் கட்டாயமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, நீ இருந்த காலத்தில் பின்னால் திறந்தவெளியில் குந்திக்கொண்டு போன மாதிரி இல்லை. நான் அதையெல்லாம் விட்டுவிட்டு இரண்டு விரலால் போட்டோவை இழுத்துப் பெரிதாக்கிப் பின்சக்கரத்தைப் பார்த்தேன். ஆறு நட்டில் இரண்டில், நட்டின் அடியிலிருந்து ரிம் மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு, குங்குமம் கரைந்து வழிந்தது மாதிரி. உனக்குச் சொல்லவா வேண்டும்? நட்டு தளர்ந்து ஆடி, இரும்பு இரும்போடு தேய்ந்து, அந்தத் துருப்பொடி மழையில் வழிந்த கோடு அது. இரண்டு தளர்ந்தால் மீதி நாலும் அந்தப் பாரத்தைத் தாங்கும். அப்புறம் நட்டு ஏறியிருக்கும் ஸ்டட் போல்ட் ஒன்றொன்றாக முறியும். அதற்குப் பிறகு சக்கரம் லாரியோடு இருக்காது.

“எப்போ சக்கரம் கழற்றினாங்க?” என்றேன். பஞ்சர் போட்டு இரண்டு வாரமாகிறதாம். மாட்டிய பிறகு 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப முடுக்கினீர்களா என்றால், அப்படி ஒன்று இருக்கிறதா மாமா என்கிறான். சுங்கை காடுட் பட்டறையில் எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவன் நீ. பழைய ஜப்பான் லாரிகளில் இடப்பக்கச் சக்கரத்துக்கு மறை எதிர்த்திசையில் இருக்கும் என்பதிலிருந்து, சுத்தியலால் நட்டைத் தட்டும்போது எதிர்ப்பக்கம் விரல் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது வரை. இறுகிய நட்டு ணங் என்று கேட்கும், தளர்ந்தது டொக் என்று செத்துப்போன சத்தம் போடும். உன் அக்கா மகனுக்கு அதை நான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. சாப்பாட்டு மேசையில் எவர்சில்வர் டம்ளரையும் கரண்டியையும் வைத்துத் தட்டிக் காட்டினேன்.

“ஃபோர்மேன்கிட்ட சொல்லு” என்றேன். அவன் பேசவில்லை. ரொம்ப நேரம் கழித்து, “சொன்னா வண்டிய வேற ஆளுக்குக் கொடுத்துருவாங்க மாமா, இல்லன்னா ஊருக்கே அனுப்பிருவாங்க” என்றான். ஏஜென்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் இன்னும் பாதி நிற்கிறதாமே. இது உனக்குத் தெரியுமா? அக்காவிடம் கேட்டுக்கொள், ஆனால் அவன் சொன்னான் என்று சொல்லாதே.

நான் அவனைத் திட்டவில்லை. ஒரு வழி சொன்னேன். வாயால் சொல்லாதே, போட்டோ எடு, வாட்ஸ்அப்பில் அனுப்பு, “சார், இந்த நட்டு லூசா இருக்கு, எப்போ டைட் பண்ணலாம்?” என்று மட்டும் எழுது. குறை சொன்ன மாதிரியும் இருக்காது, தேதியும் நேரமும் போனிலேயே நிற்கும். அன்று இரவே அனுப்பினான். மறுநாள் மதியம் பட்டறைக்குப் போகச் சொன்னார்களாம். அங்கே பார்த்தால் ஒரு ஸ்டட் ஏற்கெனவே பாதி வெடித்திருந்தது. இரண்டு ஸ்டட் புதிதாகப் போட்டார்கள். யாரும் அவனை ஊருக்கு அனுப்பவில்லை. இன்று வந்து அதைச் சொன்னபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

இப்போது தினமும் காலையில் ஆட்கள் ஏறுவதற்கு முன் லாரியைச் சுற்றி ஒரு நடை நடக்கிறானாம். ஐந்து நிமிடம். நட்டு, டயர், விளக்கு, அடியில் ஈரம் இருக்கிறதா, பிரேக் ஆயில் அளவு, பின்கதவுக் கொக்கி. போலீஸ் பார்க்கிற மாதிரி பார்க்காதே, மாட்டைப் பார்க்கிற மாதிரி பார் என்றேன். பட்டுக்கோட்டைப் பையனுக்கு அது உடனே புரிந்தது.

தூக்க விஷயத்தைப் பற்றியும் பேசினேன். 2023 ஜனவரியிலிருந்து இங்கே சட்டம் இருக்கிறது: ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்த ஓட்டுநர், ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்புமுன் அரைமணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும். பின்னால் ஆட்கள் போகும் லாரிக்கு, ஓட்டுநர் தூங்கிவிடாமல் கவனிக்கத் துணையாக ஒருவரையும் நியமிக்க வேண்டும். கார்த்திக்குத் துணையாள் இருக்கிறார், காகிதத்தில். அவரும் அவன் கூடவே கம்பி கட்டிவிட்டு ஏறியதும் தூங்கிவிடுகிறார் என்றான். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். உடம்பு என்ன செய்யும்? அரைமணி ஓய்வை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதே என்று அவன் கையைப் பிடித்துச் சொன்னேன். விடுதியில் சாப்பாடு ஆறிப்போகும் என்று பின்னால் இருப்பவர்கள் சத்தம் போட்டாலும் சரி. 2021 ஏப்ரலில் பிஐஇ விரைவுச்சாலையில் நின்றுகொண்டிருந்த டிப்பர் மேல் ஆட்கள் ஏற்றிய லாரி மோதியதே, நினைவிருக்கிறதா? நீகூட போன் போட்டுக் கேட்டாய். இரண்டு பேர் போனார்கள், ஒருவர் நம் நாட்டவர், ஒருவர் பங்களாதேஷ்காரர். அந்தப் பக்கம் காரில் போகும்போதெல்லாம் எனக்கு இன்றும் ஒரு மாதிரி இருக்கும்.

வேகத்துக்கும் கட்டுப்பாடு வருகிறது. 12,000 கிலோவுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு மட்டும் இருந்த 60 கிலோமீட்டர் வேகக்கட்டுப்பாட்டுக் கருவியை, இப்போது 3,501 கிலோவிலிருந்தே படிப்படியாகக் கட்டாயமாக்குகிறார்கள். கார்த்தியின் லாரியும் அதில் சேரும். லேட்டாகிவிடும் என்று ஓட்டுநர்கள் பலர் புலம்புகிறார்கள். எனக்கு இது வந்ததில் ரொம்பத் திருப்தி. 60இல் போகிற லாரியை நிறுத்துவதோடு ஒப்பிட்டால், 80இல் போகிற அதே லாரியை நிறுத்தப் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி ஒன்றே முக்கால் மடங்குக்கும் மேல். டிரம் கறுத்து வெடித்திருப்பதைப் பள்ளத்துக்குள் நின்று அண்ணாந்து பார்க்கிறவன் நான், அதனால் சொல்கிறேன்.

ஆகவே பாஸ் போடுகிறவன் நான் இருக்கிறேன் என்று நீ நிம்மதியாக இருக்காதே. வாரம் ஒருமுறை அவனிடம் பேசும்போது சாப்பிட்டியா, பணம் அனுப்பினியா என்பதோடு “லாரி எப்படிடா இருக்கு” என்றும் கேள். நீ மெக்கானிக், நீ கேட்டால் அவன் விவரமாகச் சொல்வான். என்னிடம் சொல்லத் தயங்குவதைக்கூட உன்னிடம் சொல்லுவான்.

என் மூட்டு வலி அப்படியேதான். பள்ளத்துப் படியில் ஏறி இறங்கும்போது பிடிக்கிறது. மேசை வேலைக்கு மாறிக்கொள்ளச் சொல்கிறார்கள், எனக்கு மனசில்லை. இன்னும் இரண்டு வருஷமாவது லேனில் நிற்பேன். சின்னவள் பாலிடெக்னிக் முடிக்கப்போகிறாள். என் அம்மா தவறி, வருகிற மாசியோடு ஒரு வருஷம், திதிக்கு டேங்க் ரோடு கோயிலில் அர்ச்சனை சொல்லியிருக்கிறேன். உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்ததா? அதை மட்டும் நீ சொல்லவே இல்லை.

அப்புறம், இரண்டு ஸ்கூலுக்கு வேன் பார்க்கிற கான்ட்ராக்ட் கிடைத்திருக்கிறது என்றாயே. மே மாத ஆர்டிஓ சோதனை வரை காத்திருக்காமல், இந்த வாரமே ஒவ்வொரு டயரிலும் அந்த நாலு இலக்க எண்ணைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி எனக்குப் போட்டோ அனுப்பு. ஸ்டெப்னியையும் சேர்த்து.

அன்புடன்,
மணி