நான்கு மாதக் கணக்கு

மதீனா,
வெள்ளிக்கிழமை இரவு.

அன்புள்ள மனைவிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நேற்று ஃபோனில் "இன்னும் எத்தனை மாதம் மச்சான்?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் "சரி, உம்மாவிடம் கொடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டாய். ஆறு பேர் படுக்கும் அறையில் நின்றுகொண்டு அதற்குப் பதில் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது தொண்டை அடைத்தால் யாருக்கும் தெரியாது.

பக்காலா என்கிற இந்த மளிகைக் கடை வேலை பழகிவிட்டது. காலை ஏழு மணிக்குத் திறக்கிறோம். மதியம் கொஞ்சம் ஓய்வு, பிறகு இரவு பதினொன்று வரை நிற்க வேண்டும். தண்ணீர்ப் பெட்டிகளை மாடிக்குத் தூக்கிக் கொடுப்பதுதான் கடினம். வெயில் 45 டிகிரிக்கு மேல் போகிறது. சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதே. பெரும்பாலும் குப்ஸ் ரொட்டியும் பருப்பும்தான், வெள்ளிக்கிழமை மட்டும் நெய்ச்சோறு. அறையில் இருக்கும் ராமநாதபுரத்துக்காரர் நம் வீட்டுக் கைப்பக்குவத்தில் ஆக்குவார்.

இன்று இஷா தொழுகைக்கு நபியவர்களின் பள்ளியான மஸ்ஜிதுந் நபவிக்குப் போயிருந்தேன். தொழுதுவிட்டு, அங்கே அடங்கியிருப்பவர்களுக்கு ஸலாம் சொல்ல வரிசையில் நின்றேன். பொன்னிறக் கம்பித் தடுப்பில் வட்டத் துளைகள் இருக்கின்றன. முதலில் நபி (ஸல்) அவர்களுக்கு நேராக ஒன்று, அடுத்து அபூபக்கர் (ரலி), அதற்கடுத்து உமர் (ரலி). காவலர்கள் நகரச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். மூன்றாவது துளைக்கு முன்னால் வரும்போது ஒரு மூச்சு நேரம்தான் கிடைக்கும். அந்த ஒரு மூச்சில் இன்று எனக்கு உன் கேள்விதான் நினைவுக்கு வந்தது.

ஏன் என்று சொல்கிறேன். உமர் (ரலி) இரண்டாம் கலீஃபாவாக ஆண்டது 634 முதல் 644 வரை, பத்து ஆண்டுகள். அதற்குள் ஷாம் என்கிற சிரியாப் பக்கம், இராக், மிஸ்ர் என்கிற எகிப்து எல்லாம் மதீனாவின் ஆட்சிக்குள் வந்துவிட்டன. அவரோ இரவானால் இந்த ஊர்த் தெருக்களில் தனியாகச் சுற்றி வருவார். ஊரின் ஓரத்தில் ஹர்ரா என்று ஒரு நிலம், எரிந்து ஆறிய கறுப்புக் கல்லாகவே பரந்து கிடக்கிறது. ஒருநாள் வேனில் சரக்கு எடுக்கப் போகும்போது பார்த்தேன். அந்தப் பக்கம்தான் ஓர் இரவு தூரத்தில் நெருப்பைக் கண்டு போனார். பசியால் அழும் பிள்ளைகளை ஏமாற்றித் தூங்கவைக்க ஒரு தாய் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். உமர் (ரலி) திரும்பிப் போய் மாவு மூட்டையைத் தம் முதுகில் ஏற்றச் சொன்னார். "நான் சுமக்கிறேன்" என்ற பணியாளர் அஸ்லமிடம், "மறுமையில் என் சுமையை நீ சுமப்பாயா?" என்று கேட்டார். நம் ஊர் ஹஜ்ரத் பயானில் இதைச் சிறு வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். ஆனால் அஸ்லம் சொன்ன இன்னொன்றுதான் எனக்குக் கண்ணிலேயே நிற்கிறது. கலீஃபா குனிந்து அடுப்பை ஊதினார், புகை அவருடைய தாடிக்கு ஊடாக வெளியே வந்தது என்று அஸ்லம் சொல்லியிருக்கிறார்.

ஹிஜ்ரி 18இல் பெரும் பஞ்சம் வந்தபோது, மக்களுக்குக் கிடைக்கும்வரை தமக்கு வேண்டாம் என்று நெய்யை ஒதுக்கிவிட்டார். எண்ணெயையே தின்று மேனி கறுத்துப் போயிற்று. இன்று நெய்ச்சோற்றில் கை வைத்தபோது அதை நினைத்துக்கொண்டேன்.

நான் சொல்ல வந்தது வேறோர் இரவைப் பற்றி. ஒரு வீட்டைக் கடக்கும்போது உள்ளே ஒரு பெண் தனக்குத்தானே பாடிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்தது. இரவு நீண்டுகொண்டே போகிறது, பக்கத்தில் துணை இல்லை, அல்லாஹ்வின் அச்சம் மட்டும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருப்பேனோ என்று பாடினாள். விசாரித்தார். கணவன் படையில் வெகுதூரம் போயிருந்தான். உமர் (ரலி) தம் மகள் ஹஃப்ஸா அம்மையாரிடம் போய், கணவனைப் பிரிந்து ஒரு பெண் எத்தனை காலம் பொறுப்பாள் என்று கேட்டார். அம்மையார் வெட்கத்தால் தலையைக் குனிந்துகொண்டார். உண்மையைச் சொல்ல அல்லாஹ் வெட்கப்படுவதில்லை என்று தந்தை சொன்ன பிறகுதான் பதில் வந்தது. நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் இரண்டு விதமாக அறிவிப்புகள் இருக்கின்றன. அந்தக் கெடுவுக்கு மேல் மணமான வீரர்களை வீட்டைவிட்டு நிறுத்தி வைக்கக் கூடாது என்று படைத்தளபதிகளுக்கு ஆணை போனது.

நான் வந்து பத்தொன்பது மாதம் ஆகிறது. இரண்டு வருடம் முடியாமல் விடுமுறை இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். கடையில் ஹிஜ்ரி நாட்காட்டி தொங்குகிறது. நபியவர்கள் மக்காவிலிருந்து மதீனாவுக்கு வந்த ஹிஜ்ரத்திலிருந்து ஆண்டை எண்ணும் முறையை ஏற்படுத்தியவரும் உமர் (ரலி)தான். அதில்தான் நான் ஒவ்வொரு நாளையும் பேனாவால் அடித்துக்கொண்டு வருகிறேன். அவ்வளவு பெரிய ஆட்சியைக் கையில் வைத்திருந்தவர், யார் வீட்டுப் பெண்ணுக்காகவோ மகளிடம் போய்க் கேட்டிருக்கிறார். நான் விசாவை வாங்கினேன், கடனை வாங்கினேன், டிக்கெட் எடுத்தேன், உம்மாவிடமும் வாப்பாவிடமும் உத்தரவு கேட்டேன். உன்னால் எத்தனை மாதம் இருக்க முடியும் என்று உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீயும் பெட்டியைக் கட்டிக் கொடுத்துவிட்டு வாசலில் நின்றாய்.

இப்போது கேட்கிறேன். கடன் இன்னும் பாதி நிற்கிறது என்று உனக்குத் தெரியும். விடுமுறைக்கு வந்தால் திரும்பி வர வேண்டுமா, அங்கேயே ஏதாவது பார்த்துக்கொள்ளலாமா என்பதை நீ சொல். எனக்காக யோசித்துச் சொல்லாதே, உன் மனதில் இருப்பதை எழுது. ஃபோனில் வேண்டாம், இங்கே ஆறு பேர், அங்கே உம்மா பக்கத்தில் இருப்பார்.

அடுத்த வாரம் ஊருக்கு வருகிறவரிடம் அஜ்வா பேரீச்சம்பழம் ஒரு கிலோவும் ஒரு புட்டி ஜம்ஜமும் கொடுத்தனுப்புகிறேன். பதிலை அவர் திரும்பும்போது உறையில் ஒட்டிக் கொடுத்துவிடு.

உன் மச்சான்.