வார்டை விட்டுப் போகும் முன்பே கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரசவ வார்டில் 29 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். 17 வயதில் தலைப்பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

சனிக்கிழமை இரவு பெற்றாள். பால் புகட்டச் சொல்லிக்கொடுத்தேன், தையலைப் பார்த்தேன், தடுப்பூசி அட்டையைக் கையில் கொடுத்தேன். அடுத்த கருவைத் தள்ளிப்போடக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர்-டியை வைக்கப் பயிற்சி பெற்றவர் திங்கள் மதியம்தான் பணிக்கு வருவார். அவளோ திங்கள் காலையே வீட்டுக்குக் கிளம்பினாள். "ஆறு வாரம் கழிச்சு செக்கப்புக்கு வரும்போது டாக்டர்கிட்ட கேட்டுக்கோம்மா" என்றேன். வரவில்லை. கைக்குழந்தையோடு, துணைக்கு ஆளில்லாமல் எப்படி வருவாள்?

பதினோரு மாதம் கழித்து ஏழு மாத வயிற்றோடு வந்தாள். ரத்தசோகையில் உதடு வெளுத்திருந்தது. "பால் குடுத்தா உண்டாகாதுன்னு சொன்னாங்களே, சிஸ்டர்!"

அவளுக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். குழந்தைக்கு 6 மாதம் நிறையாதவரை, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிடாயும் திரும்பாமல் இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு. அவள் மூன்றாம் மாதமே புட்டிப்பால் சேர்த்திருந்தாள். மாதவிடாய் திரும்பும் முன்பே கரு தங்கலாம் என்பதும் அவளுக்குத் தெரியாது. ஒரு பிரசவத்துக்குப் பின் 24 மாதமாவது போகட்டும், பிறகு அடுத்த கரு என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவள் உடம்புக்கு நான்கு மாதம்தான் கிடைத்தது.

நஞ்சுக்கொடி விழுந்த 10 நிமிடத்துக்குள்ளோ, 48 மணி நேரத்துக்குள்ளோ காப்பர்-டி வைக்கலாம். சிசேரியனின்போதே வைக்கலாம். அந்த நேரம் தவறினால் பிரசவமாகி நான்கு வாரம் ஆகும்வரை காத்திருக்க வேண்டும். காப்பர்-டியில் 380ஏ என்ற வகை 10 ஆண்டு வரை காக்கும். கையில் தோலுக்கடியில் வைக்கும் ஒற்றைக் கருத்தடைக் குச்சி 3 ஆண்டு. பால் கொடுப்பவளுக்கும் அது ஆகும். பிரசவமானதும் வைக்கும் காப்பர்-டி நழுவி வெளியே வர வாய்ப்பு சற்று அதிகம், அதையும் அவளிடம் சொல்லிவிட வேண்டும். "சின்னப் பொண்ணு, லூப் வெச்சா கர்ப்பப்பை கெட்டுடும்" என்று காப்பர்-டியைப் பற்றி என்னோடு வேலை பார்த்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். அது தவறு. 20 வயதுக்குக் கீழ் என்பதற்காக மட்டும் மறுக்க எந்த மருத்துவக் காரணமும் இல்லை. எடுத்துவிட்டால் மறுபடி கருத்தரிக்கலாம்.

ஆனால் பிரசவ வலியில் துடிப்பவளிடம் கேட்டு வாங்கும் "சரி" சம்மதமாகாது. கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும்போதே, உடன் வந்தவர்களை வெளியே உட்காரவைத்து, அவளிடம் தனியாகப் பேச வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். பிறகு எடுக்கச் சொல்லி வந்தால், "இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்று திருப்பி அனுப்பவும் கூடாது. அப்படி அழுதுகொண்டே திரும்பிப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

வைக்கவும் எடுக்கவும் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு ஷிப்டிலும், ஞாயிற்றுக்கிழமையிலும் வார்டில் இருக்கவேண்டும் என்று மருத்துவமனைகளை நடத்துபவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிரசவ வார்டு செவிலியர்