மே முகாமுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கு ஸ்தோத்திரம். எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரையிலான 64 பிள்ளைகளின் மூன்று நாள் முகாம் கர்த்தருடைய கிருபையால் நல்லபடியாக நிறைவேறியது.

முதல் நன்றி சமையற்கட்டுக்கு. மதியத்துக்கு எட்டு கிலோ அரிசி பொங்கியதோடு பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாமாரின் வேலை முடியவில்லை. சூரைச்செடியின்கீழ் சாக விரும்பிப் படுத்திருந்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது பிரசங்கம் அல்ல, அடையும் தண்ணீரும். சாப்பிட்டான், தூங்கினான், மறுபடி சாப்பிட்டான். ஓரேப் மலையில் கர்த்தர் அவனோடு பேசியது அதற்கெல்லாம் பிறகுதான். குழுவில் வாய் திறக்காத பிள்ளை குழாயடியில் ஒரே தட்டைத் திரும்பத் திரும்ப அலசிக்கொண்டு நிற்கும். "இன்னும் ரெண்டு இட்லி வைக்கட்டுமா மக்களே?" என்று கேட்டுப் பக்கத்திலேயே நின்றீர்களே, பேச்சு அங்கேதான் தொடங்கியது.

பிள்ளைகள் தங்களைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுக்கிற அர்ப்பணிப்பு வேளையைக் கடைசி இரவிலிருந்து மறுநாள் காலைக்கு மாற்றச் சம்மதித்த சேகர குரு ஐயாவுக்கு நன்றி. இரவு பத்து மணிக்கு, அசதியில், கீபோர்டு மெல்ல ஒலிக்க, ஒருவர் அழுதால் பத்துப் பேர் அழுவார்கள். ஒரு வாரத்தில் அந்த உணர்ச்சி வடிந்ததும், "நான் பின்வாங்கிட்டேன்" என்ற குற்ற உணர்வுதான் மிஞ்சும். தூங்கி எழுந்து எடுக்கிற தீர்மானத்தைப் பிள்ளை தன்னுடையதாக வைத்துக்கொள்ளும்.

எட்டுக் குழுக்களையும் நடத்திய அண்ணன்மார், அக்காமாருக்குத் தனி நன்றி. தனியாகப் பேச வேண்டியவர்களை அறைக்குள் அழைக்காமல், எல்லார் கண்ணிலும் படுகிற, யார் காதிலும் விழாத வராண்டா பெஞ்சில் உட்காரவைத்தீர்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று கேட்டபோது சத்தியம் பண்ணவில்லை. "உனக்கு ஆபத்துன்னா உதவி செய்யக்கூடியவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும். யார்கிட்டன்னு முதல்ல உன்கிட்ட சொல்றேன்" என்றீர்கள். சத்தியம் பண்ணிவிட்டு மீறினால், அந்தப் பிள்ளை அப்புறம் எந்தப் பெரியவரையும் நம்பாது. பாலியல் துன்புறுத்தல் என்று தெரிந்தால் சபைக்குள்ளே விசாரித்து முடிக்கிற அதிகாரம் நமக்கு இல்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். பிள்ளையைத் துருவிக் கேட்காமல், சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே எழுதிவைக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098ம் இதற்கு உதவும்.

முகாமுக்கு முந்தின சனிக்கிழமை பயிற்சி கொடுத்த செவிலியர் சகோதரிக்கு நன்றி. "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, கேட்காமல் ஜெபித்து அனுப்பிவிடுவதுதான் ஆபத்து என்று பயம் தெளிய வைத்தீர்கள். ஆம் என்று பதில் வந்தால் தனியே விடாமல் கூடவே இருப்பது, நம்பத்தக்க பெரியவரை உடனே வரவழைப்பது, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416க்குப் பேசுவது என்ற வரிசையை எல்லாக் குழுத் தலைவர்களும் அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார்கள்.

சம்மதப் படிவத்தில் ஆஸ்துமா, ஒவ்வாமை, மாத்திரை விவரங்களை மறைக்காமல் எழுதிய பெற்றோருக்கு நன்றி. மாலை அரைமணி நேரம் மட்டுமே போன் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னதை ஏற்றுப் பதறாமல் இருந்தீர்கள். வேன், பந்தல், ஒலிபெருக்கி கொடுத்தவர்களுக்கும், விடியுமுன்னே கேட் திறந்த கோயில் பணியாளருக்கும் நன்றி.

பள்ளி திறந்த முதல் இரண்டு வாரங்களில் குழுத் தலைவர்கள் வீடுகளுக்கு வருவார்கள். உறவினர் யார் காதிலும் விழாதபடி பிள்ளையோடு பத்து நிமிடம் முற்றத்தில் உட்கார இடம் கொடுங்கள். அம்மாமாரின் எவர்சில்வர் தூக்குகள் ஆறு பாரிஷ் ஹாலில் இருக்கின்றன, ஞாயிறு ஆராதனை முடிந்து வாங்கிக்கொள்ளலாம்.

கிறிஸ்துவின் அன்பில்,
சேகர வாலிபர் ஊழியக் குழு