கல்லைப் படித்துவிட்டு வரைய வந்தவர்

இகாஸ்ட்,
டென்மார்க்.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. அம்மாவைப் பற்றி வாசித்த பிறகு அன்று முழுக்க எனக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை. பெயர்கள் எல்லாம் மறந்துவிட்டன, ஆனால் தெரிந்த குரலைக் கேட்டால் முகம் மலர்கிறது என்று எழுதியிருந்தாய். நான் கதைத்து ஒரு பதிவு அனுப்புகிறேன். அவவுக்குப் போட்டுக் காட்டு.

இங்கே எல்லோரும் சுகம். பிள்ளைகள் தங்கள் பாட்டில் இருக்கிறார்கள். பனி இன்னும் விடவில்லை. ஓய்வு எடுத்த பிறகு பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். ஒரு ஓவியரின் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த ஊரில் செங்கல்லால் கட்டிய ஒரு சின்ன வீடு இருக்கிறது. வந்த புதிதில் துணி ஆலைக்குச் சைக்கிளில் போகும்போது பார்ப்பேன். யாரும் குடியில்லை. மின்சாரத்துக்கோ தண்ணீருக்கோ கட்டியது என்று நினைத்துக்கொண்டு எத்தனையோ வருடம் கடந்து போயிருக்கிறேன். பிறகுதான் தெரிந்தது, அது 1973இல் பெர் கிர்கெபி என்ற ஓவியர் செய்த சிற்பம். பெயரே ‘வீடு’. அதற்கு முன் மத்திய அமெரிக்காவுக்குப் போய் மாயா மக்களின் பழைய கட்டடங்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். பிள்ளைப் பருவம் முழுக்க கொப்பன்ஹேகனில் மஞ்சள் செங்கல்லால் எழுந்த குருண்ட்விக் தேவாலயத்துக்குப் பக்கத்தில் கழிந்தது. இரண்டும் சேர்ந்து இந்த வீடாகியிருக்க வேண்டும். வீட்டை விட்டு வந்த நாங்கள் தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனோம் என்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

நூலகத்தில் அவரைப் பற்றிய புத்தகங்களை எடுத்து வாசித்தேன். அப்போதுதான் உன் நினைவு வந்தது. முப்பது வருடம் புவியியல் படிப்பித்தவன் நீ. இந்த மனிதர் ஓவியராவதற்கு முன் பாறையையும் மண்ணையும் ஆராயும் புவிச்சரிதவியல் படித்தவர்! 1938இல் பிறந்து, கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் 1964இல் பட்டம் பெற்றார். படிக்கும் காலத்திலேயே கிறீன்லாந்துக்கு ஆய்வுப் பயணம் போய்வந்தார். மரம் மறைக்காத வெறும் மலைமுகங்கள். அவற்றின் முன் நின்று எந்தப் பாறை அடுக்கு எதன் மேல் கிடக்கிறது, எங்கே மடிந்திருக்கிறது, எங்கே உடைந்திருக்கிறது என்று பார்த்துக் கொப்பியில் கீற வேண்டும். அவருக்கு வரைதல் கைவந்தது அங்கேதான் என்று நான் நம்புகிறேன்.

உங்கள் வளவில் கிணறு வெட்டியது ஞாபகம் இருக்கிறதா? மேலே செம்மண், அதன் கீழே வெள்ளைக் கல், அதற்குள் சிப்பி பதிந்த துண்டுகள். நீயும் நானும் விளிம்பில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்து ஐயாவிடம் ஏச்சு வாங்கினோமே. கிர்கெபியின் ஓவியத்தின் முன் நிற்கும்போது எனக்கு அந்த உணர்வுதான் வருகிறது. வயல், கடல், வானம் என்று ஒரு காட்சியை அவர் எட்ட நின்று காட்டுவதில்லை. வெட்டிய மண்ணின் பக்கமாக நம்மை நிறுத்துகிறார். கபில நிறமும் பச்சையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். நடுவில் ஒரு மரத்தண்டோ குகை வாயோ தெரிந்தும் தெரியாமலும் இருக்கும்.

பட்டம் பெறும் முன்பே, 1962இல் அவர் கொப்பன்ஹேகனில் பரிசோதனைக் கலைப் பள்ளி ஒன்றில் சேர்ந்தார். கடையில் விற்கும் மரநார்ப் பலகையைப் பாதியாக வெட்டினால் 122 சென்ரிமீற்றர் சதுரம் வரும். அதில்தான் அந்தக் காலத்துப் படங்கள். பிறகு அதே அளவுப் பலகைக்குக் கறுப்பு அடித்து வெண்கட்டியால் கீறினார். நீ அதைப் பார்த்தால் சிரிப்பாய், உன் வகுப்புக் கரும்பலகையேதான். பெரிய எண்ணெய்வண்ணத் துணி ஓவியங்கள் எழுபதுகளில் வந்தன. ஒரு படத்தை வரைந்து, பிடிக்காமல் அதன் மேலேயே இன்னொன்று வரைந்து, அதையும் மூடுவார். கீழே புதைந்த படம் எப்படியும் மேற்பரப்பைத் தொட்டுவிடும் என்பது அவர் எண்ணம். வண்டல் படிவதும் அப்படித்தானே.

போன மாதம் ரயிலில் கொப்பன்ஹேகன் போய், அரச நூலகத்தின் ‘கறுப்பு வைரம்’ கட்டடத்தில் 1999இல் அவர் வரைந்த உட்கூரையைப் பார்த்தேன். 210 சதுர மீற்றர். கழுத்து வலிக்கும் மட்டும் அண்ணாந்து பார்த்தபடி நின்றேன்.

இனிச் சொல்லப் போவதைத்தான் முதலில் சொல்ல நினைத்தேன். உன் கடிதம் வந்த பிறகு கை தயங்கியது. 2013இல் அவர் படிக்கட்டில் விழுந்தார். தலையில் அடி, மூளையில் பாதிப்பு. தெரிந்தவர்களை அடையாளம் காண்பது சிரமமாகிவிட்டது. தன் ஓவியங்களையே இன்னதென்று அறிய முடியாமல் போனது. அந்த நாட்களைப் பற்றி 2015இல் ஒரு ஆவணப்படம் வந்தது. 2018 மே மாதம் இறந்துவிட்டார்.

கண் நன்றாகத் தெரிகிறது, முன்னால் தன் வாழ்நாள் உழைப்பு தொங்குகிறது, ஆனால் அது தன்னுடையது என்று தெரியவில்லை. இதை நினைத்து நான் பல இரவு நித்திரை கொள்ளவில்லை, மச்சான். நீ கேட்டாய், அம்மாவுக்குள் நாங்கள் இன்னும் இருக்கிறோமா என்று. வைத்தியர் என்ன சொல்வாரோ, எனக்குத் தெரியாது. குரலைக் கேட்டு முகம் மலர்கிறது என்றாய் அல்லவா, நான் அதைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன். நீயும் விடாதே. பக்கத்தில் இருந்து கதைத்துக்கொண்டே இரு. பழைய பாட்டு ஏதாவது பாடிக் காட்டு.

பனி கரைந்ததும் அந்தச் செங்கல் வீட்டைப் படமெடுத்து அனுப்புகிறேன். நீ எனக்கு ஒன்று செய்ய வேண்டும். உங்கள் கிணறு இன்னும் மூடவில்லையென்றால், மத்தியானம் வெயில் நேரே விழும்போது உட்சுவரைப் படமெடுத்து அனுப்பு. கட்டுக்குக் கீழே, கல் தெரியும் இடம். விளிம்பில் கவனம்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்