பறவைக் கணக்கெடுப்பும் பள்ளியின் பின்புறப் புல்தரையும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பிப்ரவரியில் நடக்கும் ‘கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுன்ட்’ கணக்கெடுப்பில் இந்த ஆண்டு நம் பள்ளியும் சேர்கிறது. 1998இல் தொடங்கிய இந்தக் கணக்கெடுப்பு 2013 முதல் உலகம் முழுக்க நடக்கிறது. பிள்ளைகள் ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணில் பட்ட பறவைகளை எண்ணி எழுத வேண்டும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் நடத்தும் இபேர்ட் தளத்தில் ஆசிரியர்கள் அதைப் பதிவேற்றுவார்கள்.

“காக்காதானே, இதை எதற்கு எழுதுகிறாய்?” என்று மட்டும் வீட்டில் யாரும் கேட்டுவிட வேண்டாம். பார்த்த எல்லா இனங்களையும் எழுதினால்தான், பட்டியலில் இல்லாத பறவை அந்த நேரத்தில் அங்கே தென்படவில்லை என்று ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்ள முடியும். அரியதை மட்டும் எழுதினால் அது தெரியாது. 1970க்குப் பிறகு அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறக்குறைய 300 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டதாக 2019இல் வெளிவந்த ஆய்வு சொன்னது. குறைந்தவற்றில் பெரும்பகுதி எங்கும் காணக்கிடைக்கும் சாதாரணப் பறவைகள். தன்னார்வலர்கள் அலுக்காமல் ஆண்டுதோறும் எண்ணி வைத்த கணக்குகள் இருந்ததால்தான் அந்தச் சரிவு வெளியே தெரிந்தது.

அடையாளம் தெரியாத பறவைக்கு ஊகித்துப் பெயர் வைக்காமல் ‘தெரியவில்லை’ என்றே எழுதட்டும். இதற்கு மதிப்பெண் கிடையாது. ஆகவே பட்டியலை நீளமாக்க நீங்கள் உதவ வேண்டியதில்லை!

அப்புறம், பின்புறப் புல்தரையில் மரக்கன்று நட்டுத் தருகிறோம் என்று சிலர் முன்வந்திருந்தீர்கள். நல்ல மனதுதான், ஆனால் அந்த இடத்தில் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். ஆள்காட்டி, வானம்பாடி போன்றவை கூடு வைப்பது மரத்தில் அல்ல, வெட்டவெளித் தரையில். ஆள்காட்டியின் முட்டை கூழாங்கல் போலவே இருப்பதால், குழி தோண்ட வருபவர் மிதித்த பிறகுதான் கவனிப்பார். பின்னாளில் இடும் முட்டைகளுக்கும் ஆபத்து உண்டு: மரம் வளர்ந்தால் காக்கைகள் அதில் அமர்ந்து கூட்டை எளிதாகக் கண்டுபிடித்துவிடும். புல், புதர், பட்டமரம் எல்லாவற்றையும் வழித்தெடுத்துச் ‘சுத்தம்’ செய்வதும் இதே கதைதான். பட்டமரப் பொந்துகளில் ஆந்தையும் மரங்கொத்தியும் குஞ்சு பொரிக்கின்றன.

உழைக்க விரும்புகிறவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. குளக்கரையில் கிடக்கும் நெகிழியையும் அறுந்த தூண்டில் நரம்பையும் பொறுக்க ஆள் வேண்டும். அந்த நரம்பு காலில் சுற்றினால் பறவையால் விடுவித்துக்கொள்ள முடியாது. இனப்பெருக்கக் காலம் முடிந்த பிறகே இதை வைத்துக்கொள்வோம். தேதியைப் பின்னர் தெரிவிக்கிறேன்.

கைப்பேசியோடு கூட்டை நெருங்கிப் படம் எடுக்கக் கூடாது. தாய்ப்பறவை எழுந்து போனால் முட்டை வெயிலிலோ குளிரிலோ கெட்டுவிடும். இதைப் பிள்ளைகளிடம் கண்டிப்பாகவே சொல்லிவிட்டோம், நீங்களும் ஒருமுறை சொல்லுங்கள்.

இத்துடன் உள்ள ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். வீட்டில் இருநோக்கி (பைனாகுலர்) இருந்து இரவல் தர முடிந்தால், படிவத்தின் கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்