சிறுவாணித் தண்ணீரும் என் சவுக்காரப் பொடியும்

சென்னிமலை,
ஆவணி 10

அன்புள்ள சரசு,

உன் கடிதம் வந்து ஒன்றரை மாசம் ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. நீ எழுதி அனுப்பிய துணி சோப்புப் பொடியைச் செய்து, நாலு வாரம் துவைத்துப் பார்த்துவிட்டு எழுதலாம் என்றிருந்தேன். முட்டி வலி எப்படி இருக்கிறது? மாடிக்கு ஏறுகிறாயா, இல்லை துணி காயப்போடக் கூட மருமகளைத்தான் கூப்பிடுகிறாயா?

இங்கே எல்லோரும் சௌக்கியம். தறி வாரத்தில் மூணு நாள்தான் ஓடுகிறது. அதனால்தான் எந்தச் செலவைக் குறைக்கலாம் என்று கணக்கு நோட்டைப் புரட்டினேன். துணி சோப்புக்கு மட்டும் மாசம் 450 ரூபாய்! மூணு கிலோ பவுடர். ஏழு பேர் துணி, அது போக இந்தப் போர்வைகள். சென்னிமலையில் பிறந்தவளுக்குப் போர்வைக்குப் பஞ்சமில்லை, அதைத் துவைக்கத்தான் உயிர் போகிறது.

நீ எழுதியபடியே செய்தேன். நீலக் கட்டியை வாங்காதே, அது டிடர்ஜெண்ட், எண்ணெயில் காய்ச்சிய சவுக்காரம்தான் வேண்டும் என்றாயே, அதற்காக நாலு கடை ஏறி இறங்கி, கடைசியில் காதிக் கடையில் கிடைத்தது. ஆறு கட்டி 150 ரூபாய். சலவைச் சோடா ஒரு கிலோ 60. கடைக்காரப் பையன் முதலில் ஆப்பச் சோடாவை எடுத்துக் கொடுத்தான். இரண்டும் வேறு என்று அவனுக்குப் பாடம் எடுக்க வேண்டியதாயிற்று. (இல்லையென்றால் ஆப்பச் சோடாவை வாணலியில் நன்றாக வறுத்தாலும் சலவைச் சோடாதான், ஆனால் கேஸ் செலவை யார் கொடுப்பது?) நீ சேர்க்கச் சொன்ன வெங்காரத்தை (போராக்ஸ்) மட்டும் விட்டுவிட்டேன். சின்னப் பேத்தி தவழ்ந்துகொண்டு கைக்குக் கிடைப்பதையெல்லாம் வாயில் போடுகிறாள்.

தேங்காய் துருவியில் சவுக்காரத்தைத் துருவி, வெயிலில் ஒரு நாள் காயவைத்து, சோடாவோடு கலந்து பெரிய போசியில் கொட்டி வைத்தேன். 210 ரூபாயில் ஒரு மாசத்துக்கான பொடி. 240 ரூபாய் மிச்சம் என்று வீட்டுக்காரரிடம் பெருமையடித்தேன். அந்தத் துருவியில் அதற்கப்புறம் தேங்காய் துருவ யாரும் ஒத்துக்கொள்ளவில்லை, அது தனிக் கதை.

முதல் தடவை துவைத்தபோது நுரையே வரவில்லை. சரி, கைப்பொடிக்கு நுரை குறைவாகத்தான் இருக்கும் என்று இரண்டு கரண்டி சேர்த்துப் போட்டேன். தண்ணீர் மோர் மாதிரி ஆனது. மேலே திரிதிரியாக ஏதோ மிதந்தது. இரண்டாம் வாரம் துணியெல்லாம் மொடமொடவென்று நின்றது. மூணாம் வாரம் வாஷிங் மிஷின் டிரம்மைத் தொட்டால் பிசுபிசுப்பு, ஒரு மக்கல் நாற்றம். அவருடைய வெள்ளை வேட்டி சாம்பலில் புரட்டியெடுத்த மாதிரி ஆகிவிட்டது. சீர் ஒன்றுக்குக் கிளம்பும்போது அதை எடுத்து விரித்தவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

உன் பேரில் வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. அவள் வீட்டில் பளிச்சென்று வருகிறதாம், எனக்கு மட்டும் ஏன் இப்படி? எட்டாவது படிக்கிற பேரன்தான் பிடித்தான். மூணு காலி பாட்டில் எடுத்து, ஒன்றில் எங்கள் போர் தண்ணீர், ஒன்றில் மழையில் பிடித்து வைத்தது, இன்னொன்றில் போன மாசம் சின்னவன் கோயம்புத்தூரில் உன் வீட்டுக்கு வந்தபோது குடிக்கப் பிடித்து வந்து பாதி வைத்திருந்த சிறுவாணித் தண்ணீர். மூணிலும் அதே பொடி ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்கினான். மழைத் தண்ணீரும் சிறுவாணியும் கழுத்து வரை நுரைத்தன. போர் தண்ணீர் வெறுமனே வெளுத்து, அடியில் தயிர்த் திப்பி போலத் தங்கியது. தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து சவுக்காரத்தோடு சேர்ந்து கரையாத பிசுக்காகிவிடுமாம். சவுக்காரம் அழுக்கை எடுப்பதற்கு முன்னால் தண்ணீரோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகிறது. இந்தத் தண்ணீரில் பருப்பே வேகாது என்று தெரிந்தும், சவுக்காரம் நுரைக்கும் என்று நம்பினேனே சரசு, என்னை என்ன சொல்ல.

சோடாவை முதலில் தனியாகக் கரைத்து, அரை மணி நேரம் விட்டு, சுண்ணாம்பு அடியில் இறங்கியதும் தெளிவை மட்டும் எடுத்துச் சவுக்காரம் போட்டால் கொஞ்சம் தேவலை. செய்தேன், நுரை வந்தது. ஆனால் அலசுவது எதில்? மறுபடியும் அதே போர் தண்ணீரில்தானே! துணியில் மிச்சமிருக்கிற சவுக்காரம் அங்கே போய்ப் பிசுக்காகிவிடுகிறது. நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கீழ்பவானி வாய்க்காலில் துவைத்து, அங்கேயே அலசினோம். ஒரு கட்டி சவுக்காரம் எத்தனை நாள் வந்தது, ஞாபகமிருக்கிறதா? அது சவுக்காரத்தின் கெட்டிக்காரத்தனம் என்று இத்தனை வருஷம் நினைத்திருக்கிறேன். வெள்ளாவிக்குக் கொண்டு வருவார்களே உவர்மண், அதில் இருப்பதும் இந்தச் சோடாதானாம்.

வேட்டியைக் கடைசியில் எது காப்பாற்றியது தெரியுமா? கடைப் பவுடர்தான். சுடுதண்ணீரில் பவுடரும் சோடாவும் போட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்து, மூணு தடவை. சோடாவில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் வெளுக்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள், அதையும் செய்தேன். புஸ்ஸென்று பொங்கியது, அவ்வளவுதான். புளிப்பும் சோடாவும் ஒன்றையொன்று தின்றுவிட்டால் துணிக்கு என்ன மிஞ்சும்?

இப்போது என் ஏற்பாடு இது. கடைப் பவுடரை இரண்டு கிலோவாகக் குறைத்து, ஒவ்வொரு தடவையும் முதலில் ஒரு கரண்டி சோடா. அது சுண்ணாம்பைப் பார்த்துக்கொள்வதால் பவுடர் குறைவாகப் போதுகிறது. மாசம் 130 ரூபாய் சொச்சம் மிச்சம். நான் பெருமையடித்த 240 இல்லை, ஆனால் வேட்டி வேட்டியாக இருக்கிறது. பட்டுச் சேலைப் பக்கம் மட்டும் சோடாவைக் கொண்டு போகமாட்டேன், பட்டு நைந்துவிடும். அதற்குப் பூந்திக்கொட்டை. கறுப்பு விதையை எடுத்துவிட்டு மேல் தோலை மட்டும் ராத்திரி ஊறவைத்துக் கொதிக்கவிட்டால், எங்கள் போர் தண்ணீரில்கூட நுரைக்கிறது. இரண்டு மூணு நாளில் புளித்துவிடும் என்பதால் வேண்டியபோது வேண்டிய அளவுதான். கண்ணில் மட்டும் பட்டுவிடக் கூடாது, எரிச்சல் தாங்காது. வெள்ளைத் துணிக்கும் வேண்டாம், லேசாகப் பழுப்பேறுகிறது.

உன் பொடி போசியில் இன்னும் ஒரு கிலோ இருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் விட்டுப் பத்து நாளாகிறது. பேரன் சைக்கிளில் இரண்டு குடம் கொண்டு வந்தால், வீட்டில் வைத்து உள்ளாடையும் கைக்குட்டையும் துவைத்துத் தீர்த்துவிடுவேன். வாய்க்காலுக்குள் இறங்கிச் சோப்புப் போட இப்போது மனசு வரவில்லை.

புரட்டாசியில் நீ ஒரம்பரையாக வருகிறேன் என்றாய். பஸ்ஸில் வராதே, முட்டி தாங்காது. பெரியவனைக் கார் அனுப்பச் சொல்கிறேன். காரில்தான் இடமிருக்குமே, காலி கேன் இரண்டில் உங்கள் சிறுவாணித் தண்ணீரைப் பிடித்துப் போட்டுக்கொண்டு வா. ஒரு கேன் காப்பிக்கு. இன்னொன்றில் அவருடைய வேட்டியை அலசிக் காட்டி, இந்தப் பொடி பேரில் இருக்கிற பழியைக் கொஞ்சமாவது கழுவிக்கொள்கிறேன்.

அன்புடன்,
பாப்பாத்தி